அவள் உதடு, என் குரல்

நான் குளிர்ந்த தண்ணீர் குடிப்பதில்லை. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெந்நீர் இருந்தால் ஒரு டம்ளர் கொடுங்கள், இல்லாவிட்டால் இப்படியே பேசுகிறேன். தொண்டையை வைத்துப் பிழைப்பவர்களுக்குச் சில பழக்கங்கள் ஒட்டிக்கொண்டுவிடும். ஐஸ்கிரீம் என் நாக்கில் பட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்கே நினைவில்லை. கொளுத்துகிற வெயிலிலும் கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள்வேன். குடியிருந்த இடங்களிலெல்லாம் என்னைச் சீக்காளி என்றுதான் நினைத்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

நேற்று நான் இங்கே வந்தபோது வாசலில் இருந்த போலீஸ்காரர் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். "அந்த நடிகை செத்ததிலேர்ந்து தினம் ஒருத்தர் வந்து நான்தான் கொன்னேன்னு நிக்கறாங்கம்மா. வீட்டுக்குப் போய்த் தூங்குங்க," என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. இன்று வந்து அவர் எதிரில் நின்று, அவளுடைய படத்திலிருந்து ஒரே ஒரு வரியைப் பேசினேன். மனுஷர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். அதன்பிறகுதான் என்னை உள்ளே விட்டார்கள்.

ஆகவே ஐயா, என்னை யாரும் பிடிக்கவில்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நானாக வந்தேன். அழுது புரண்டு மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருந்தால் உங்கள் நேரம்தான் வீண்.

அந்த நடிகையின் முதல் படத்திலிருந்து தொடங்குகிறேன். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. நல்ல உயரம், நிமிர்ந்த தோள், எந்தப் பக்கம் திரும்பினாலும் வெளிச்சத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிற முகம். வாயைத் திறந்தால் போச்சு. சிமெண்டுத் தரையில் இரும்பு நாற்காலியை இழுத்ததுபோல ஒரு குரல். முதல் நாள் முதல் ஷாட்டில் அவள் காதலனிடம் "உங்களுக்காகக் காத்திருப்பேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னாள். படப்பிடிப்புத் தளமே சிரித்தது. மேலே பரணில் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவர் சிரித்த சிரிப்பில் வெளிச்சம் ஆடி, ஷாட்டே கெட்டுப்போனதாம். இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கு இந்த முகம் போதும். குரலை வெளியில பாத்துக்கலாம்," என்றார், அவள் காதில் விழும்படியே.

வெளியில் என்றால் நான்தான்.

எனக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. ராஜகுமாரிக்கும் பேசுவேன், பேய்க்கும் பேசுவேன், நடுவில் ஷாம்பூ விளம்பரத்துக்கும் பேசுவேன். கணவர் என்று ஒருவர் இருந்தார். "வீட்ல நீ எந்தக் குரல்ல பேசறேன்னே தெரியலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது இந்த விஷயத்துக்குத் தேவையில்லை.

என் வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். இருட்டறை. எதிரே திரை, முன்னால் மைக். திரையில் அவள் உதடு அசையும், அந்த அசைவுக்குள் என் சொல் போய் உட்கார வேண்டும். அவள் கண்ணைப் பார்த்தால் நானே அழுதுவிடுவேன், அதனால் உதட்டை மட்டும்தான் பார்ப்பேன். அவள் அடிக்கடி வசனத்தை மறந்துவிடுவாள். மறந்தால் வாயில் வந்ததைச் சொல்லி ஒப்பேற்றிவிடுவாள். முதல் படத்தில், கணவனின் பிணத்தின்மேல் விழுந்து அவள் கதறுகிற காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். அதில் அவள் உதடு உண்மையில் சொல்வது, "கால் மரத்துப்போச்சு, ஐயோ, கால் மரத்துப்போச்சு." நான் அதன்மேல் "என்ன விட்டுட்டுப் போயிட்டியே" என்று வைத்தேன். ஊரே அழுதது. என்ன நடந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும். அந்தக் காட்சி தொலைக்காட்சியில் வரும்போதெல்லாம் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சிரிப்பை அடக்கிக்கொள்வோம்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. பத்திரிகைகள் அவளுக்குத் 'தேன்குரல் நாயகி' என்று பட்டம் கொடுத்தன. நன்றாகக் கவனியுங்கள், முகத்துக்கு இல்லை, குரலுக்குத்தான் பட்டம். படத்தில் வருகிற பெயர்ப் பட்டியலில் என் பெயர் இல்லை. இயக்குநரிடம் போய்க் கேட்டேன். "படம் பாக்கறவனுக்கு இது ரெண்டு பேருன்னு தெரிஞ்சா ஒட்டாதும்மா. நீயே யோசிச்சுப் பாரு," என்றார். யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான் என்று பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

அப்போது நாங்கள் யோசிக்காத ஒன்று, அவள் அதன்பிறகு எங்கேயும் வாய் திறக்க முடியாது என்பது.

சிறந்த நடிகை என்று விருது கொடுத்தார்கள். மேடையில் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைக் கையில் வாங்கினாள். அரங்கம் முழுக்க அவள் மூச்சுச் சத்தம் கேட்டது. மைக்கை வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போய்விட்டாள். மறுநாள் பத்திரிகைகளெல்லாம் தலைக்கனம் என்று எழுதின. அவள் ஹோட்டல் அறையின் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள் வெளியே வரவேயில்லை. யார் யாரோ தட்டிப் பார்த்தார்கள். கடைசியில் எனக்கு ஆள் அனுப்பினார்கள். நான் கதவருகில் நின்று, அவளுடைய படத்து வசனத்தையே, படத்தில் பேசிய அதே குரலில் பேசினேன். உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம். தாழ்ப்பாள் விலகியது. "அக்கா, நீ என்கூடவே இருந்துடேன்," என்றாள்.

அவள்தான் கூப்பிட்டாள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வாரமே பெட்டி படுக்கையோடு அவள் வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஃபோனை என் கையில் கொடுத்ததும் அவள்தான். தயாரிப்பாளர்கள் கூப்பிட்டால் நான் பேசுவேன், அவளாக. ஒருமுறை வானொலிக்காரர்கள் பேட்டி கேட்டார்கள். ஃபோனிலேயே கொடுத்தேன். அவள் எனக்குப் பக்கத்தில் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதுக் கஷ்டம், சினிமா ஆசை, பிடித்த நிறம் எல்லாம் நானே சொன்னேன். முடிந்ததும் ஒரு சுளையை என் வாயில் ஊட்டிவிட்டு, "நான் இவ்வளவு அழகாப் பேசுவேன்னு எனக்கே தெரியாதுக்கா," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதன்பிறகு எழுந்துபோய் அலமாரியைத் திறந்து ஊற்றிக்கொண்டாள். குடி அப்படித்தான் ஆரம்பித்தது. நான் ஊற்றிக் கொடுத்ததில்லை. தடுத்ததும் இல்லை. வளர்ந்த பெண், அவள் வீடு, அவள் அலமாரி.

அவள் கடைக்குப் போனால் வேண்டியதை விரலால் காட்டுவாள். காரோட்டியிடம் தலையசைப்பாள். வீட்டில் என்னிடம் மட்டும் பேசுவாள், அந்தக் கரகரத்த குரலில். வருஷக்கணக்கில் அந்தக் குரலைப் பக்கத்திலிருந்து கேட்டவள் நான் ஒருத்திதான். ஒருநாள் சாப்பிடும்போது விளையாட்டுக்கு அதையும் பேசிக் காட்டினேன். "உப்பு கொஞ்சம் கம்மியா இருக்கு" என்று அவளைப்போலவே சொன்னேன். புரையேறிவிட்டது அவளுக்கு. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "இன்னொரு தடவை, அக்கா, இன்னொரு தடவை" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு நான் இரண்டு குரலுக்கும் சொந்தக்காரி ஆனேன்.

இனி பல் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. டாக்டர் சொன்னதால் வாயைத் திறந்தாள், பிறகு வேறு வழியில்லாமல் பேசினாள். அவர் சினிமா பார்க்காதவர். அவருக்கு அந்தக் குரல்தான் அவள். தகரக் கூரைமேல் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னாராம். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் மூன்று நான்கு தடவை சொன்னாள். பல் சரியான பிறகும் போய்க்கொண்டிருந்தாள். குடி குறைந்தது. "அக்கா, சினிமாவே வேண்டாம்னு தோணுது. அவர் ஆஸ்பத்திரியில வரவங்களுக்குப் பேர் கூப்பிட்டுட்டு உக்காந்திருந்தாப் போதும் எனக்கு," என்றாள்.

நீங்களே சொல்லுங்கள் ஐயா. லட்சக்கணக்கான பேர் கேட்பதற்காகக் காத்திருக்கிற குரல் ஒன்று. அது நின்றுபோக வேண்டுமாம், இவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் பேர் கூப்பிட்டுக்கொண்டிருப்பதற்காக. அந்த வயதில் ஒரு பெண்ணுக்குத் தனக்கு எது நல்லது என்று தெரியாது. யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். நான் சொன்னேன். அவளிடம் இல்லை, அவரிடம்.

அவள் படப்பிடிப்பில் இருந்தபோது அவர் கூப்பிட்டார். ஃபோன் என்னிடம்தான் இருந்தது. அவளுடைய சொந்தக் குரலில் பேசினேன். "இது சரியா வராதுங்க. இனிமே கூப்பிடாதீங்க. நான் குடிச்சா புத்தி மாறிடுவேன், நானே கூப்பிட்டாலும் எடுக்காதீங்க. என் மேல அக்கறை இருந்தா இத மட்டும் செய்ங்க," என்றேன். நல்ல மனிதர். "உன் இஷ்டம்" என்றார். அதன்பிறகு அவள் எத்தனையோ முறை கூப்பிட்டாள். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

அவளுடைய அம்மா விஷயமும் கிட்டத்தட்ட இப்படித்தான். அந்த அம்மாள் வேறு ஊரில் மகனோடு இருந்தார். ஃபோன் செய்தால், "குட்டி, போதும்டா, வீட்டுக்கு வந்துடு" என்று ஆரம்பித்துவிடுவார். அதைக் கேட்டுவிட்டு இவள் இரண்டு நாள் வேலைக்குப் போகமாட்டாள். ஒருமுறை நான் எடுத்து, "அம்மா, நீ இங்க வராத. உன்ன நாலு பேருக்கு முன்னாடி காட்ட எனக்கு வெக்கமா இருக்கு," என்றேன், குட்டியின் குரலில். அதோடு சரி. மகளுக்குத் தன்னைக் கண்டால் கூச்சம் என்று தாய் நினைத்துக்கொண்டார். குடிக்கிறோமே, அம்மாவுக்கு முகம் பார்க்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மகள் நினைத்துக்கொண்டாள். வீடு அமைதியாக இருந்தது.

அப்புறம் வருஷங்கள் போயின. நல்ல படங்கள் செய்தோம். அவள் படப்பிடிப்புக்கு வராமல் போன கதைகள், கண்ணாடியை உடைத்தது, விமானத்தில் ஏற மறுத்தது எல்லாம் நீங்கள் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். முகம் உப்பிவிட்டது. கை நடுங்கியது. ஆனால் குரலைக் கேட்டுப் பாருங்கள், எந்தப் படத்திலாவது ஒரு இடத்தில் தளர்ந்திருக்கிறதா? பிசிறு தட்டியிருக்கிறதா? அவளை இத்தனை காலம் நிற்கவைத்தது எது என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

போன வருஷம் ஒரு பெண் இயக்குநர் வந்தாள். சின்ன வயது. ரப்பர் செருப்பு, தோளில் துணிப்பை. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தியின் கதை, அதில் இவள்தான் நடிக்க வேண்டும் என்றாள். வழக்கம்போல நான் பதில் சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல் இவளைப் பார்த்து, "நீங்க பேசுங்க மேடம்," என்றாள்.

இவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "என்ன பேசறது?" என்றாள்.

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் பேசுங்க," என்றாள்.

"எனக்குப் பேச வராதும்மா. எல்லாரும் சிரிப்பாங்க."

"இத்தனை நாளா இந்தக் குரலை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "படத்துல நீங்கதான் பேசறீங்க. டப்பிங் கிடையாது. இல்லேன்னா இந்தப் படமே வேண்டாம்."

அவள் போன பிறகு இவள் அலமாரியில் இருந்த பாட்டில்களை எல்லாம் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்தாள். ஒன்றை மட்டும் நான் எடுத்து வைத்தேன். வீட்டுக்கு யாராவது வந்தால் வேண்டுமே என்றுதான்.

குடியை நிறுத்த வேறொரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். இதைச் சாப்பிடும்போது ஒரு சொட்டுக்கூடத் தொடக்கூடாது, உயிருக்கே ஆபத்து என்று என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொன்னார். அவள் தொடவில்லை. மாதக்கணக்கில் தொடவில்லை. காலையில் எழுந்து பத்திரிகையைச் சத்தமாகப் படிப்பாள். விபத்துச் செய்தி, வேலைவாய்ப்பு விளம்பரம், வானிலை எல்லாம். வீடு முழுக்க அந்தக் குரல். நான் குளித்துக்கொண்டிருந்தாலும் கேட்கும், கதவைச் சாத்தினாலும் கேட்கும். கடைக்காரரோடு பேரம் பேசினாள். காரோட்டிக்கு வழி சொன்னாள். ஒருநாள் மாடிப்படியில் பாடிக்கொண்டே இறங்கினாள். எனக்கு ஒரு வேலையும் இல்லாமல் போயிற்று.

"அக்கா, இந்தப் படம் வெளிய வரும்போது எல்லார்கிட்டயும் உன்னப் பத்திச் சொல்லப் போறேன். இத்தனை படத்துலயும் பேசினது நீதான்னு. எவ்வளவு நாள் மறைஞ்சே இருந்துட்ட," என்றாள். பெரிய மனது பண்ணிப் பிச்சை போடுகிற மாதிரி இருந்தது எனக்கு. என்னுடையதை என்னிடமே எடுத்து நீட்டுகிறாள். வேண்டாம் என்றேன். அடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் தனியாக வெளியே போய்விட்டு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் வந்து நின்றாள்.

"டாக்டரைப் பாத்தேன்," என்றாள்.

"எந்த டாக்டர்?"

"பல் டாக்டர். கல்யாணம் ஆயிடுச்சு, ரெண்டு பொண்ணு. என்னைப் பாத்ததும் எழுந்து நின்னார். ஏன் என் ஃபோன எடுக்கலன்னு கேட்டேன். நீதானே எடுக்காதேன்னு சொன்னங்கறார். அக்கா, நான் அவர்கிட்ட அப்படிப் பேசவே இல்லை."

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்ததை மடித்து வைத்துவிட்டு, "நான்தான் பேசினேன்," என்றேன். பொய் சொல்ல எனக்கு என்ன அவசியம்?

"என் குரல்லயா?"

"உன் குரல்லதான்."

அடுத்ததை அவளே கண்டுபிடித்துவிட்டாள். முகத்தில் அது வந்ததைப் பார்த்தேன். "அம்மாகிட்டயும்?" என்றாள்.

"அம்மாகிட்டயும்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. சோபாவில் உட்கார்ந்தாள். "என்கிட்ட இருந்ததே அது ஒண்ணுதானேக்கா," என்றாள். "அதையும் எடுத்துக்கிட்டியா?"

என் வாழ்க்கை முழுவதையும் அவள் வாய்க்குள் போட்டிருக்கிறேன், அவள் என்னைப் பார்த்து எடுத்துக்கொண்டாயா என்று கேட்கிறாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. உள்ளே போய் அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளரும் வைத்தேன். மனது சரியில்லாதவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? வைத்தது நான், மூடியைத் திறந்தது அவள். காலையில் அவள் மாத்திரை சாப்பிட்டிருந்தாள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பாதி பாட்டில் போவதற்குள் சோபாவிலிருந்து சரிந்து தரையில் விழுந்துவிட்டாள். மூச்சு இழுத்துக்கொண்டு வந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. அப்போதுதான் ஃபோன் அடித்தது. அந்தப் பெண் இயக்குநர்.

"மேடம், ஒத்திகைக்கு வரேன்னு சொன்னீங்களே. எல்லாரும் காத்துட்டிருக்கோம்."

"இன்னிக்கு வரலம்மா. அசதியா இருக்கு," என்றேன், அவளாக.

"உடம்பு சரியில்லையா? நான் வேணா வந்து பாக்கட்டுமா? பக்கத்துலதான் இருக்கேன்."

கீழே அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. எனக்குச் சத்தம் தேவையில்லை ஐயா. உலகத்தில் வேறு யாருக்கும் அது புரிந்திருக்காது, எனக்கு எழுத்து எழுத்தாகப் புரிந்தது. 'வரச் சொல்லு' என்றாள். 'அக்கா, வரச் சொல்லு.'

"வர வேண்டாம்மா," என்றேன்.

பழக்கம்தான். அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டால்தான் எனக்கு வசனம் வரும். 'வர' வரைக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. அதன்பிறகு அவள் உதடு 'சொல்லு' என்று குவிந்தது, என் உதடு 'வேண்டாம்மா' என்று மூடித் திறந்தது. "நல்லா இருக்கேன். ரொம்ப நாளைக்கப்புறம் இன்னிக்குத்தான் மனசு லேசா இருக்கு."

"அக்கா இருக்காங்களா பக்கத்துல?"

"இருக்கா. அவ பாத்துப்பா."

"சரி மேடம். நாளைக்குப் பாக்கலாம்."

"பாக்கலாம்," என்று வைத்துவிட்டேன்.

தலைக்கு ஒரு தலையணை வைத்தேன். சன்னலிலிருந்து வெயில் விலகும்வரைக்கும் அவளுக்கு மூச்சு இருந்தது. நான் அந்த இடத்தை விட்டு எழவில்லை. அவளைத் தனியாக விட்டேன் என்று யாரும் என்மேல் ஒரு சொல் சொல்ல முடியாது. எல்லாம் அடங்கிய பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வந்தவர்கள் பாட்டிலைப் பார்த்தார்கள், மாத்திரையைப் பார்த்தார்கள், அவள் யார் என்று பார்த்தார்கள். ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை காலமும் பத்திரிகைகள் எழுதியதை எல்லோரும் படித்திருந்தார்களே.

அதோடு முடிந்திருக்கும். நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் இரங்கல் கூட்டம் ஒன்று போட்டார்கள்.

அவளுடைய அம்மா வந்திருந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பெத்த நான் பக்கத்துல இல்ல. நீதாம்மா அவளுக்கு அம்மாவா இருந்த," என்றார். இருக்கட்டும்மா என்றேன். அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. பிறகு அந்தப் பெண் இயக்குநர் மேடை ஏறினாள். தன் ஃபோனில் எல்லா அழைப்பும் தானாகவே பதிவாகும் என்றாள். "மேடம் கடைசியா என்கிட்டதான் பேசினாங்க. உள்ள அவ்வளவு வலியை வச்சுக்கிட்டு, என்னை நிம்மதியா இருக்கச் சொல்றாங்க பாருங்க. இதுதான் அவங்களோட உண்மையான குரல். இத்தனை வருஷம் உங்ககிட்ட இருந்து மறைச்சு வச்ச குரல்," என்று சொல்லிவிட்டு ஒலிபெருக்கியில் போட்டாள்.

'நல்லா இருக்கேன். ரொம்ப நாளைக்கப்புறம் இன்னிக்குத்தான் மனசு லேசா இருக்கு.'

அரங்கம் முழுக்க எழுந்து நின்று அழுதது ஐயா. அவள் நடித்ததிலேயே இதுதான் சிறந்தது என்று ஒரு தயாரிப்பாளர் சொன்னார். எனக்குப் பக்கத்தில் எங்கள் ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருந்தார். எத்தனையோ படங்களில் என் குரலைப் பிடித்தவர், நான் தும்மினால்கூட அடையாளம் சொல்லக்கூடியவர். அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு, "என்ன இருந்தாலும் சொந்தக் குரலுக்கு ஈடு கிடையாதுக்கா," என்றார் என்னிடமே.

அதனால்தான் வந்தேன். படங்களில் பெயர் போடாமல் விட்டார்கள், பொறுத்துக்கொண்டேன். அதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். இதற்கு என்ன காரணம் சொல்வார்கள்? எதிரில் திரை இல்லை, எழுதி வைத்த வசனம் இல்லை, ஒத்திகை இல்லை. அவள் என் காலடியில் கிடக்கும்போது, அவளுடைய கரகரப்பில், அவளுக்கே வராத ஒரு நிதானத்தோடு பேசியது நான். அந்தப் பெண்ணை வரவிடாமல் தடுத்தது நான். அவள் உயிர் போனது அந்த ஒரு வரியால்தான், அந்த வரி என்னுடையது. கொலை என்றால் கொலை என்றே எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கையெழுத்துப் போடுகிறேன். பெயரை மட்டும் சரியாக எழுதுங்கள்.

அந்தப் பதிவு உங்களிடம் இருக்கிறதல்லவா? இன்னொரு தடவை போட்டுக் கேளுங்கள். முடிவில், 'பாக்கலாம்' என்று நான் சொன்ன பிறகு, பின்னால் கரகரவென்று ஒரு சின்னச் சத்தம் வரும். ஃபோன் கோளாறு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அது நான் இல்லை, அவள். அந்த ஒரு இடம்தான் கெட்டுப்போய்விட்டது. முறையான ஒலிப்பதிவுக் கூடமாக இருந்திருந்தால் அதை வெட்டி எடுத்திருப்போம்.